நடுவில் ஒரு ‘டு’

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
கடிதம் வழி. தொலைபேசி வழி.
மூன்றாவது, ‘ஃபேஸ் டு ஃபேஸ்’.
மூன்றாவதில் டிக் அடித்தாள் மார்ஜரி ஸ்டாத்.
பேனா எழுதவில்லை. உதறிவிட்டு
இன்னொரு முறை அடித்தாள்,
காகிதம் கிழியும் அளவுக்கு.

கிளீதார்ப்ஸ் கடற்கரையில்
முப்பத்தொரு கோடைகள் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவள்.
அந்த வண்டியைத்தான்
பிப்ரவரி இரவொன்றில் கிளப்பிக்கொண்டு போய்
அலை வடிந்த சேற்றில் இறக்கி,
சக்கரம் புதைந்ததும் விட்டுவிட்டு ஓடினான்
டேரில் காக்ஸ்வோல்ட்.
விடிவதற்குள் கடல் திரும்பி வந்தது.
கூரைமேல் இருந்த பிளாஸ்டிக் கோன் மட்டும்
தண்ணீருக்கு மேலே தெரிந்ததாம்,
அடியில் யாரோ கையில் பிடித்திருப்பதுபோல.

சந்திப்பை நடத்துபவள் ஹிலரி.
பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்:
நடுவில் மேஜை கூடாது.
நாற்காலிகள் ஒரே உயரம்.
கதவு இருவருக்கும் தெரிய வேண்டும்.
டிஷ்யூ பெட்டி கைக்கு எட்டலாம், கண்ணில் படக்கூடாது.
இந்தப் பக்கம் ஒரு ஃபேஸ், அந்தப் பக்கம் ஒரு ஃபேஸ்,
நடுவில் ஒற்றை எழுத்தாய் ஒரு ‘டு’.
தமிழில் அதுவும் தனியாக நிற்காது,
ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ‘க்கு’.
நேருக்கு நேர்.
அந்தக் ‘க்கு’வில்தான் அன்று கம்பளம் கிடந்தது,
காபிக் கறையோடு, ஆறடி.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவான் என்று
மூன்று வாரமாக அவள் யோசித்திருந்தாள்.
வந்தது தாடையில் சவரக் காயமுள்ள ஒரு முகம்.
கதவுநிலைக்குக் குனிந்து வந்தது.
உட்கார்ந்ததும் அவள் ஷூவைப் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது:
இந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும்
தன் காலைப் பார்த்ததே இல்லை.
ஜன்னலில் அவள், இடுப்புக்கு மேலே மட்டும்.
கீழே அவர்கள், நெற்றியும் கண்ணும் நீட்டிய காசும்.
அண்ணாந்த முகங்களாகவே பார்த்துத் தீர்த்தவள்
ஒரு முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை.

மன்னிப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தான்.
படித்தான். ‘வருந்துகிறேன்’ என்பதை
வரி தவறி இரண்டு தடவை படித்தான்.
அவள் முகம் கொடுக்கவில்லை.
இன்சூரன்ஸ் தந்த தொகையைச் சொன்னாள்.
தராத தொகையைச் சொன்னாள்.
உப்பேறிய ஃப்ரீசரைப் பற்றி நிறையச் சொன்னாள்.
ஹிலரி கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்தாள்.

திடீரென்று மார்ஜரி,
“ஸ்ட்ராபெரி சாஸ். கடலை கூடாது.
பட்டால் உதடு வீங்கிவிடும்.
உன் அக்காதான் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பாள்.”

நிமிர்ந்தான்.
அத்தனை நீளமாக மடங்கி உட்கார்ந்திருந்தவன்
அந்த ஒரு நிமிர்தலில்
எப்படியோ ஜன்னலுக்குக் கீழே போய்விட்டான்.
அவளுக்கு அது பிடிக்கவில்லை.
“கீழேயிருந்து பார்க்காதே” என்றாள்,
ஒரே உயரத்து நாற்காலியிலிருந்து.

“பாட்டை நிறுத்தத் தெரியல” என்றான்.
“சேத்துல நின்னும் பாடிக்கிட்டே இருந்துச்சு.
அதான் ஓடினேன்.”
அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரவிடவில்லை.
“டாஷ்போர்டுக்கு அடியில் சிவப்பு ஸ்விட்ச்.”

மன்னித்தாளா என்றால் தெரியாது.
கை குலுக்கவில்லை.
இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.
கோட் மாட்டும்போது ஒரு கை உள்ளே போகாமல் அலைந்தது.
அவன் எழுந்தான்,
உதவலாமா கூடாதா என்று புரியாமல் உட்கார்ந்தான்.

இரவு ஹிலரி அறிக்கையை நிரப்பினாள்.
சந்திப்பின் வகை: ஃபேஸ் டு ஃபேஸ்.
நேரம்: நாற்பது நிமிடம்.
அதில் இரண்டு முகமும் நிஜமாய்ப் பார்த்துக்கொண்டது
ஏழெட்டு வினாடி இருக்கும்.
மீதி முழுக்க ‘டு’.
அதற்குக் கட்டம் இல்லை.
‘பிற குறிப்புகள்’ என்ற இடத்தில்
சிவப்பு ஸ்விட்ச் என்று எழுதினாள்,
அடித்தாள்,
மறுபடி எழுதினாள்.